‘சாரி’ சொன்னவருக்குக் கஷாயம்

முன்னொரு காலத்துல, எந்த நாடு எந்த ஊருன்னு கேட்காதீங்க, பராங்குசன்னு ஒரு ராஜா இருந்தாரு. நல்ல மனுசன்தான். ஆனா வழக்கு கேக்கறதுன்னா மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. ரெண்டு பேர் எதிர எதிர வந்து நின்னாலே கொட்டாவி வந்துரும்.

ஒருநாள் வாட்லி துரைன்னு ஒரு வெள்ளைக்காரத் துணி வியாபாரி சபைக்கு வந்தாரு. ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து துணியைத் தொட்டுப் பாத்துட்டு இருந்தாரு. துரை சட்டுன்னு திரும்புனதுல அவரோட பூட்ஸ் கால் ராஜாவோட சுண்டுவிரல் மேல ஏறிருச்சு. துரை "சாரி"ன்னாரு.

"அது என்ன சொல்?" ராஜா கேட்டாரு.

"எங்கள் ஊரில் தவறு செய்துவிட்டால் சொல்வது, மகாராஜா. சொன்னவுடன் அந்த விஷயம் முடிந்துவிடும்."

"விசாரணை?"

"கிடையாது."

"சாட்சி?"

"அதுவும் கிடையாது, மகாராஜா."

ராஜாவுக்குக் கால்வலியே மறந்து போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஊரெல்லாம் தண்டோரா. இனிமே தப்புப் பண்ணவங்க சபைக்கு வந்து "சாரி" சொல்லிட்டா வழக்கு முடிஞ்சுது. முடிஞ்ச வழக்கை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது.

அதுக்கப்புறம் தினமும் உச்சிவேளைக்கு முன்னாடியே சபை கலைஞ்சுது. ராஜா நிம்மதியாத் தூங்குனாரு. அந்த வார்த்தையை ரொம்ப இஷ்டப்பட்டுச் சொன்னவரு தளவாய் விசயராயர்தான். படைத் தலைவர் இல்லையா, அவரால மிதிபடறவங்க தினம் நாலு பேராவது இருப்பாங்க. "சாரி, சாரி"ன்னுட்டுப் போய்க்கிட்டே இருப்பாரு.

ஒருநாள் அரியநாச்சின்னு ஒரு பொம்பளை சபைக்கு வந்தா. ஆத்தோரம் வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கறவ. தளவாயர் ஆத்துக்குக் குறுக்கு வழியில போறேன்னு ஆனையை அவ கொடிக்காலுக்குள்ள விட்டுட்டாரு. கொடி படர வச்சிருந்த அகத்தி மரமெல்லாம் முறிஞ்சுது. வாய்க்கால் இடிஞ்சுது. கொடி பூராவும் மண்ணுல கிடக்குது.

தளவாயர் வாயில வெத்தலையை அதக்கிக்கிட்டே "சாரி"ன்னாரு.

"வழக்கு முடிந்தது"ன்னாரு ராஜா.

அரியநாச்சி நகரல. "மகாராஜா, பத்து நாளுக்குள்ள கொடியைத் தூக்கிக் கட்டி, நிழல் போட்டு, தண்ணி காட்டணும். இல்லன்னா வேரோட செத்துரும். என் ஒருத்தி கையால ஆகாதுங்க. இவரு சொன்ன வார்த்தையை வச்சு ஒரு கொடியையாவது கட்ட முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

சபையில எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்காதவரு ஒருத்தர்தான். அவரு பேரு வேம்படியான், அந்தச் சபையோட விகடகவி. எல்லாரையும் சிரிக்க வைக்கற ஆளு உம்முன்னு உக்காந்திருந்தா யாருக்குத்தான் கண்ணுல படாது? தளவாயருக்குப் பட்டுது. ராஜா இந்த வேம்படியான் பேச்சைக் கேக்கறாரேன்னு அவருக்கு ரொம்ப நாளாவே வயித்தெரிச்சல்.

"மகாராஜா, தங்கள் சட்டம் வேம்படியானுக்குப் பிடிக்கவில்லை போலும்"னாரு தளவாயர். "பொருள் தெரியாமல் ஒரு சொல்லை வெறுக்கலாமா? அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று அவரே சபையில் நம் கண்ணுக்குக் காட்டட்டும்."

ராஜாவுக்கு இந்த மாதிரி வேடிக்கைன்னா உசுரு. "நல்ல யோசனை. வேம்படியானே, நாளைக் காலைக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சபையில் உமக்கு இடமில்லை."

"சரி, மகாராஜா"ன்னாரு வேம்படியான்.

வெளிய வந்ததும் அரியநாச்சி பிடிச்சுக்கிட்டா. "ஏங்க, வார்த்தையை எப்படிங்க கண்ணால பாக்க முடியும்? என்னால உங்க சோறும் போகப் போகுதே."

"என் சோறு கிடக்கட்டும் தாயி. நீ போயி கொடி மேல ஈரச் சாக்கைப் போட்டு வை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நேரா துரையோட கிடங்குக்குப் போனாரு. விசயத்தைக் கேட்டதும் துரை தலையைச் சொறிஞ்சாரு.

"நாங்கள் தினம் நூறு தடவை சொல்கிறோம், ஐயா. எங்கே பிறந்தது என்று யோசித்ததே இல்லை. இடித்துவிட்டால் சொல்வோம். காதில் விழாவிட்டாலும் அதையே சொல்வோம். ஓட்டை வண்டியைப் பார்த்தால் 'சாரி வண்டி' என்போம்."

"அந்த வார்த்தை தாயில்லாப் பிள்ளையா இருக்குதேங்க. ஏதாவது புஸ்தகம் இருக்கா?"

இருந்துச்சு. தலகாணி பெருசுக்கு ஒண்ணு. துரை தும்மிக்கிட்டே பக்கம் பக்கமாப் புரட்டுனாரு. பாதியில "கிடைத்துவிட்டது, துக்கம்"னாரு. "'சாரோ' என்றால் எங்கள் மொழியில் துக்கம். அதிலிருந்துதான் வந்திருக்கும்."

"வந்திருக்கும்னா எனக்குப் போதாது, துரை. நல்லாப் பாருங்க."

துரை மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி படிச்சாரு. முகம் மாறிருச்சு. "இல்லை ஐயா, நான் நினைத்தது தப்பு. இரண்டும் வெவ்வேறு வேர். பழகிப் பழகி ஒன்று போல ஆகிவிட்டன. இது பிறந்தது வலியிலிருந்து. புண்ணுக்கும் நோவுக்கும் எங்கள் பாட்டன்மார் வைத்திருந்த சொல்லிலிருந்து. வலியோடு இருக்கிறவனைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்."

வேம்படியான் எந்திரிச்சுட்டாரு. "போதும் துரை. இப்ப நான் வைத்தியரைப் பாக்கணும்."

மறுநாள் காலைல சபை நிரம்பிருச்சு. வேம்படியான் சபையை விட்டுப் போறதைப் பாக்கணும்னு வந்தவங்கதான் பாதிப் பேர். அவரு அரண்மனை வைத்தியர் மருதவாணரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. பின்னாலேயே துரை புஸ்தகத்தைச் சுமந்துக்கிட்டு வந்து, இருக்கறதை இருக்கறபடி படிச்சுச் சொன்னாரு.

"ஆக, மகாராஜா, அந்தச் சொல் பிறந்த இடம் வலி. வலி இருக்கிற இடம் உடம்பு"ன்னாரு வேம்படியான். "தளவாயர் நேற்று அந்தச் சொல்லைத் தங்கள் முன் சொன்னார். ஆகவே அவர் உடம்பில் அதைக் காட்டிவிடலாம். தளவாயரே, தாங்கள் நேற்றுச் சொன்னது மெய்தானே?"

அந்த நாட்டுல சபையில பொய் சொன்னா பதவி போயிரும். அது எல்லாருக்கும் தெரியும்.

"மெய்தான்"னாரு தளவாயர். வேற என்ன சொல்ல முடியும்?

"எங்கே வலிக்கிறது?" வைத்தியர் மணிக்கட்டைப் பிடிச்சு நாடி பாத்தாரு. "நாடி குதிரை மாதிரி ஓடுகிறதே."

"மனசில்"னாரு தளவாயர், பல்லைக் கடிச்சுக்கிட்டு.

"அடடா, உள்வலி. அது கெட்டது. நிலவேம்புக் கஷாயம் மூன்று வேளை. உப்பு, புளி, வெற்றிலை கூடாது. யானை மேல் ஏறக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?" தளவாயர் கேட்டாரு.

"வலி தீரும்வரை"ன்னாரு வேம்படியான். "அது கொடிக்காலில் வந்த வலி. கொடி நிமிர்ந்தால் தீரும். இது தங்கள் வழக்கைத் திரும்ப எடுப்பதாகாது மகாராஜா, வெறும் வைத்தியம். அரண்மனைச் சேவகர் யாரும் நோவோடு இருக்கக் கூடாது என்பது தங்கள் பாட்டனார் போட்ட சட்டம்."

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிட்டாரு. "வைத்தியம் நடக்கட்டும்." அந்த வாரத்துல "சாரி" சொன்ன மத்த மந்திரிங்க ஒவ்வொருத்தரா தூணுக்குப் பின்னால ஒதுங்குனாங்க.

வேம்படியான் கஷாயத்தைச் சேவகன் கையில குடுக்கல. மூணு வேளையும் அவரே குவளையைத் தூக்கிக்கிட்டுப் போனாரு. மழை பெஞ்சுது, போனாரு. தளவாயர் கதவைச் சாத்திக்கிட்டாரு. இவரு ஜன்னல் வழியா நீட்டுனாரு.

"எனக்குக் குணமாகிவிட்டது"ன்னாரு தளவாயர் ரெண்டாவது நாள்.

"சந்தோசம். வாங்க, கொடி நிமிர்ந்திருச்சான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்."

மூணாவது நாள் தளவாயர் நாப்பது வீரர்களைக் கொடிக்காலுக்கு அனுப்புனாரு. அரண்மனையிலேயே உக்காந்துக்கலாம்னு நினைப்பு. வேம்படியான் வந்து நின்னாரு. "அவங்க வேலை செஞ்சா அவங்க வலிதான் தீரும். உங்க வலிக்கு நீங்கதான் போகணும். இல்ல, கஷாயத்தையும் அவங்களே குடிக்கட்டும்னா சொல்லுங்க, கேட்டுப் பாக்கறேன்."

நாலாவது நாள் தளவாயர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கொடிக்கால்ல இறங்குனாரு.

அரியநாச்சி அவரை உக்கார விடல. "வாய்க்காலை முதல்ல வெட்டுங்க. தென்னங்கீத்தை அந்தப் பக்கம் சாய்ச்சுப் போடுங்க, வெயில் படுது பாருங்க. ஐயையே, அப்படி இறுக்காதீங்க. அது கொடிங்க, கைதி இல்ல."

"நான் யாரென்று தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? உங்க ஆனையோட கால்தடத்துலதான தண்ணி தேங்கி நிக்குது. அதை மூடுங்க."

வீரர்கள் வாயைப் பொத்திக்கிட்டாங்க. தளவாயர் மூடுனாரு. இறங்குன முதல் நாள் அவரு கட்டுன கட்டெல்லாம் அவுந்து விழுந்துச்சு. ரெண்டாவது நாள் கையில கொப்புளம். மூணாவது நாள் அது உடைஞ்சு புண்ணாச்சு. அதோடயே குனிஞ்சு வேலை செஞ்சாரு. எந்தக் கொடி தழையுது, எது வாடுதுன்னு அவருக்கே பிடிபட ஆரம்பிச்சுருச்சு. சாயங்காலம் ஒரு தடவை வேம்படியான் குவளையோட வந்தப்போ, "அங்கே வை, இந்த வரிசையை முடித்துவிட்டுக் குடிக்கிறேன்"னாரு. திட்டல.

பத்தாவது நாள் ராஜாவே பல்லக்குல வந்து இறங்குனாரு. கொடிக்கால் முக்காவாசி நிமிர்ந்து நின்னுச்சு. சில கொடியில புதுசா இளம்பச்சைத் துளிர் கூட விட்டிருந்துச்சு. ஆனா ஆத்துப் பக்கம் இருந்த ஒரு வரிசை மட்டும் கருகிக் கிடந்துச்சு. தளவாயர் அது பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாரு.

"இது பொழைக்காதா?"ன்னு அரியநாச்சி கிட்ட கேட்டாரு.

"பொழைக்காதுங்க. மூணு நாள் முந்தி வந்திருந்தா பொழைச்சிருக்கும்."

தளவாயர் குனிஞ்சு, அந்தக் கருகுன கொடியைத் தொட்டு, கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. கால் பட்டுட்டா நாமெல்லாம் செய்வமே, அப்படி.

ராஜா கேட்டாரு, "என்ன தளவாயரே, அந்தச் சொல்லைச் சொல்லவில்லையா?"

"வலிக்கிறது, மகாராஜா"ன்னாரு தளவாயர்.

வைத்தியர் போய் நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டு, "இனிக் கஷாயம் வேண்டாம்"னாரு.

"வலிக்கிறது என்கிறவருக்கு மருந்து வேண்டாமாம், வலிக்காதவருக்கு மூன்று வேளையாம். நல்ல வைத்தியம் ஐயா உம்முடையது"ன்னு ராஜா விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சதும் தன் கையில இருந்த தங்கக் காப்பைக் கழட்டி வேம்படியான் கையில மாட்டிவிட்டாரு. "பிறந்த இடத்தைக் காட்டச் சொன்னேன், காட்டிவிட்டீர். நாளை முதல் வழக்குகளை நானே உட்கார்ந்து கேட்கிறேன். கொட்டாவி வந்தால் நீர் என்னைக் கிள்ளிவிடும்."

எல்லாரும் கிளம்பறப்போ அரியநாச்சி மம்பட்டியைத் தூக்கித் தளவாயர் கையில குடுத்தா.

"வெள்ளிக்கிழமை இந்த வரிசைக்குப் புதுக்கொடி நடறேன். தண்ணி காட்ட ஆள் வேணும்."

"எத்தனை மணிக்கு வர வேண்டும்?"

"வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வந்துருங்க"ன்னா. "நடந்து வாங்க."