சிறைக்குப் போன பந்தி

"என் சமையலில் குற்றம் என்றால் சொல்லுங்கள் வைத்தியரே, திருத்திக்கொள்கிறேன். விஷம் என்று வாய் கூசாமல்…"

"மெல்லக் கொல்லும் விஷம்தான், மகாராஜா. இல்லாவிட்டால் என் சூரணத்துக்கே அடங்காமல்…"

"உங்கள் சூரணம் எப்போது எதை அடக்கியிருக்கிறது?"

"பார்த்தீர்களா, இவன் வாயை?"

முன்னொரு காலத்தில் ஒரு ராஜசபையில் நடுப்பகலில் இப்படி ஒரு சண்டை. ஒருவர் அரண்மனை வைத்தியர் ஆதிமூலம். மற்றவன் சமையற்காரன் சடையன். ராஜாவோ சிம்மாசனத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச காலமாகவே அவருக்குச் சாப்பிட்டால் வயிறு உப்பும், கடமுடா என்று உருளும். அந்தச் சத்தம் சபைக்குக் கேட்கக் கூடாதென்று சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு முரசுக்காரனை உட்கார வைத்திருந்தார்கள். வயிறு உருண்டால் அவன் முரசை அடிப்பான். ராஜா ஏதோ நாட்டைப் பிடித்துவிட்டார் என்று ஊர் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள்.

அப்போதும் முரசு முழங்கியது. ஓய்ந்ததும் ராஜா சொன்னார்: "போதும். சடையா, நாளை விடிந்ததும் குடும்பத்தோடு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்விடு."

சடையன் தன் கரண்டியை ராஜாவின் முன்னால் வைத்தான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

விகடகவி பிச்சாண்டி எழுந்தான். "மகாராஜா, விசாரிக்காமல் தண்டிப்பது இந்தச் சபையின் வழக்கமில்லையே."

வைத்தியருக்குப் பிச்சாண்டியைக் கண்டாலே ஆகாது. தன் மருந்துக்கு முகம் சுளிக்கிற ராஜா அவன் பேச்சுக்கு மட்டும் சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"நல்ல யோசனை, மகாராஜா. பிச்சாண்டியே குற்றவாளியைப் பிடிக்கட்டும். தங்கள் வயிற்றைக் கலக்குகிறவர் யாராக இருந்தாலும் சிறை. அவரை உள்ளே அனுப்பியவர் யாராக இருந்தாலும் பாலத்துக்கு அக்கரை. பிடிக்காவிட்டால் பிச்சாண்டியும் சடையனோடு மூட்டை கட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும். அதுவரை சடையன் ஊரிலேயே இருக்கட்டும். இதுவே என் ஆணை."

"யாராக இருந்தாலுமா, மகாராஜா?" என்றான் பிச்சாண்டி.

"யாராக இருந்தாலும்."

அன்று ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலையில் புளியோதரை, அவியல், வடை. பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் பால் பாயசம், மகாராணி தினமும் தன் கையால் காய்ச்சி அனுப்புவது. ஓரத்தில் நெய் ஒழுகும் லேகியம், வைத்தியர் கொடுப்பது. கை வைக்கப் போன நேரத்தில் ஈட்டிக்காரர்களோடு நுழைந்தான் பிச்சாண்டி.

"வடையை முதலில் பிடியுங்கள். உருண்டு ஓடிவிடும்."

"என்ன கூத்து இது, பிச்சாண்டி?"

"தங்கள் ஆணை, மகாராஜா. வயிற்றைக் கலக்குகிறவர் வயிற்றுக்குள் போகிறவராகத்தானே இருக்க வேண்டும்? வெளியே நிற்கிற சடையன் எப்படிக் கலக்குவான்? அதனால் உள்ளே போய்வருகிற எல்லோரையும் சந்தேகத்தின் பேரில் பிடித்திருக்கிறேன்."

"லேகியத்தையுமா?" என்று பதறினார் வைத்தியர். "அது என் பாட்டனார் காலத்தது."

"பாட்டனார் காலத்திலிருந்து உள்ளே போய்வருகிற ஆள் என்றால் சந்தேகம் கூடத்தானே செய்யும், வைத்தியரே?"

"அப்படியானால் நான் எதைச் சாப்பிடுவது?" என்றார் ராஜா.

"குழைந்த சோறும் மோரும். அவர்கள் மேல் இதுவரை புகார் இல்லை."

ராஜா முறைத்தார். ஆனால் சபையில் சொன்ன சொல்லாயிற்றே, மென்று விழுங்கினார். அன்று வயிறு லேசாக முனகியது. அப்புறம் நாளாக ஆகச் சத்தமே இல்லை. முரசுக்காரன் முரசின் மேலேயே தலை வைத்துத் தூங்கினான். விழித்ததும் பிச்சாண்டியிடம் வந்தான்.

"ஐயா, என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே."

"பொறு அப்பா, விசாரணை இனிமேல்தான்."

தினமும் பந்தி முழுவதும் சிறைக்குப் போயிற்று. சிறைக்காவலன் கைதிகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டான். வெள்ளிக் கிண்ணம் வழித்துத் துடைத்த மாதிரி அந்தப்புரத்துக்குத் திரும்பியது. மகாராணிக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

பிறகு பிச்சாண்டி ஒவ்வொருவராக ஜாமீனில் விட்டான். ஒன்றை விட்டு, வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை விடுவது. புளியோதரை வந்தது, சத்தமில்லை. அவியல் வந்தது, அதற்கும் இல்லை. வடை வந்த அன்று பெரிதாக ஓர் ஏப்பம்.

"எத்தனை உள்ளே போயின, மகாராஜா?"

"எண்ணவில்லை."

"வடைக்கு விடுதலை. ஆனால் கூட்டமாக வரக் கூடாது."

லேகியம் வந்தது. "கெடுதல் செய்யவில்லை. நல்லதும் செய்யவில்லை. போகட்டும்" என்றான் பிச்சாண்டி. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று வைத்தியருக்குத் தெரியவில்லை.

கடைசியில் பாயசம். ராஜா ஆசையாகக் குடித்து, கிண்ணத்தை விரலால் வழித்தும் நக்கினார். சபை கூடிய கொஞ்ச நேரத்தில் தொடங்கியது பாருங்கள். முரசுக்காரன் அடித்த அடியில் தோல் கிழிந்தது. படையெடுப்பு என்று நினைத்துக் கோட்டைக் கதவையே சாத்திவிட்டார்கள்.

"அகப்பட்டது, மகாராஜா."

"பாயசமா? பாலில் என்ன குற்றம்? மோரும் அதே பசு கொடுத்ததுதானே?"

"ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். மோர் உறைந்து, புளித்து, பக்குவப்பட்டு வருகிறது. வந்த இடத்தில் ஒத்துப்போகிறது. பால் அப்படியே உள்ளே வந்து வம்பு பண்ணுகிறது. சின்ன வயதில் தங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும். இப்போது வயிறு மாட்டேன் என்கிறது."

வைத்தியர் மெல்லச் சிரித்தார். "நல்லது. பாயசத்துக்குச் சிறை. அதை உள்ளே அனுப்பியவருக்கு அக்கரை. அந்தப் பெயரைப் பிச்சாண்டியே தன் வாயால் சொல்லட்டும்."

மகாராணியின் பெயரைச் சொன்னால் பிச்சாண்டிக்குத் தலை இருக்காது. சொல்லாவிட்டால் சடையனோடு பாலம்.

"சொல்கிறேன், வைத்தியரே. மகாராணியார் பாயசத்தைக் கிண்ணத்துக்குள்தான் அனுப்பினார். கிண்ணத்திலிருந்து வயிற்றுக்குள் அனுப்பிய கையில் இன்னும் ஏலக்காய் வாசம் அடிக்கிறது."

ராஜா மெல்லத் தன் வலது கையை முகர்ந்து பார்த்தார்.

"என்னையே நாடு கடத்துகிறாயா?"

"பாலத்துக்கு அக்கரை என்றுதான் ஆணை, மகாராஜா. திரும்பி வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. தினமும் உண்டு, சற்று இளைப்பாறி, அக்கரைக்கு நடந்து போய்த் திரும்புங்கள். சாப்பிட்டதும் செரிக்கும், ஆணையும் நிறைவேறும்."

ராஜா சிரித்த சிரிப்பில், வயிறுதான் உருள்கிறது என்று முரசுக்காரன் கிழிந்த முரசையே இரண்டு தட்டுத் தட்டினான். பிச்சாண்டிக்கு முத்துமாலை. சடையனுக்கு அவன் கரண்டி திரும்பக் கிடைத்தது, பிறக்கப் போகிற பிள்ளைக்குப் பொன் காப்பும்.

"வைத்தியருக்கு, மகாராஜா?"

"புதுச் செருப்பு. தினமும் என்னோடு அக்கரைக்கு வரட்டும்."

சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. வெள்ளிக் கிண்ணத்தோடு மகாராணி நின்றாள்.

"பாயசத்தில் முந்திரி போதவில்லையாம். சிறைக்காவலன் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போகிறாள்."

ராஜா பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி வைத்தியரைப் பார்த்தான். வைத்தியர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"இத்தனை பேர் நிற்கிறீர்களே, என் பாயசத்தைப் பிடித்துச் சிறையில் போட்டது யார் என்று ஒருவராவது சொல்லுங்களேன்."