நாற்பத்து மூன்று அம்புகள்

முத்துக்கருப்பன் பதினெட்டு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் பாம்புக்கடியும் பார்த்துவிட்டு, நாற்பத்தைந்தாவது வயதில் தோல் மருத்துவம் படிக்க வந்தவர். அவருக்கு வாய்த்த குரு டாக்டர் அமலோற்பவம் அவரைவிட ஆறு வயது இளையவர். குரு சிஷ்யனை "சார்" என்று கூப்பிடும் மரபு அந்தத் துறையில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

அன்று காலை முத்துக்கருப்பன் ஒரு சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முகப்பரு எப்படிச் சிவந்து வீங்குகிறது என்பதை இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று அம்புகள். எண்ணியதும் அவரே.

"ஒரு சந்தேகம் மேடம்."

"வெளியே எழுபது பேர் நிக்கிறாங்க சார்."

"ஒரே ஒரு சந்தேகம்."

அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முத்துக்கருப்பனின் ஒரே ஒரு சந்தேகம் அரை மணிக்குள் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

"மயிர்க்கால் அடைச்சுக்குது. உள்ளே கிருமி கொஞ்சம் பெருகுது. தோல் செல் அதைக் கண்டுபிடிச்சு ஒரு செய்தி அனுப்புது. வெள்ளை அணுக்கள் ஓடி வருது. வந்தது சும்மா இருக்கா? அதுவும் செய்தி அனுப்புது. இன்னும் கூட்டம். கடைசியில மயிர்க்காலையே உடைச்சுப் போடுது." விரல் முப்பதாவது அம்பில் நின்றது. "தன் முகம்னு உடம்புக்குத் தெரியும். மோசமாகுதுன்னும் தெரியும். அப்புறம் ஏன் மேடம் நிறுத்தத் தோணல?"

"புத்தகத்தைப் பாருங்க சார்."

"மூணு பார்த்துட்டேன். மூணும் எப்படின்னு சொல்லுது. ஏன்னு சொல்லல."

கதவைத் தள்ளிக்கொண்டு மாரிச்செல்வி வந்தாள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். நெற்றியிலிருந்து தாடை வரை சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது.

"இது அஞ்சாவது தடவ டாக்டர்," என்றாள் முத்துக்கருப்பனிடம். "மொத வாட்டி வரும்போது பத்துப் பருதான் இருந்துச்சு. இப்போ தண்ணி பட்டாலே எரியுது. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா குடோனுக்குப் போயிருன்னு மேனேஜர் சொல்லுதாரு. மூட்டை பிரிக்கதுக்கா நாலு வருசமா சேலை விரிச்சேன்?"

முத்துக்கருப்பனுக்கும் எரிச்சல் வந்தது. "எழுதிக் கொடுத்ததெல்லாம் போடுறியாம்மா?"

"ஒண்ணு விடல."

"அப்போ இன்னும் கொஞ்சம் வீரியமா ஒண்ணு சேர்ப்போம்." பேனா மூடியைக் கழற்றினார்.

அமலோற்பவம் நோட்டை இழுத்துக்கொண்டார். அந்தத் துறை நோட்டில் ஒவ்வொரு வருகைக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு: சேர்த்தது, நிறுத்தியது. இரண்டாவது கட்டத்தில் மருந்தின் பெயரை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இடம் வீணாகக் கூடாதென்று டோக்கன் எண்ணைக் குறிப்பார்கள்.

அவர் உரக்கப் படித்தார். "முதல் தடவை, சிவப்பு. ஒரு களிம்பு. அடுத்தது, சிவப்பு அதிகம். இன்னொரு களிம்பு. அடுத்தது, எரிச்சல். அதே களிம்பு, இரண்டு மடங்கு. அடுத்தது, தோல் உரிகிறது. மருந்து சோப்பு, மூன்று வேளை."

பிறகு மாரிச்செல்வியிடம் திரும்பினார். "எல்லாத்தையும் விட்டுரும்மா. வெறும் தண்ணி, ரெண்டு வேளை. தோல் காயாம இருக்க இந்த ஒரு களிம்பு மட்டும். பத்து நாள் கழிச்சு வா. பருவுக்கு ஒரே ஒரு மருந்து, மெதுவா ஆரம்பிப்போம்."

"திங்கக்கிழமை?"

"மேனேஜருக்குக் கடிதம் தர்றேன். யாருக்கும் ஒட்டிக்காது, தணிஞ்சிரும்னு. எங்க தப்புன்னும் எழுதுறேன்."

கடிதத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டு அவள் போனாள்.

முத்துக்கருப்பன் சார்ட்டோடு நின்றுகொண்டிருந்தார். "மேடம், என் சந்தேகம்…"

அமலோற்பவம் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அவ முகம்னு உங்களுக்குத் தெரியும். மோசமாகுதுன்னும் தெரியும், நீங்களே எழுதியிருக்கீங்க." டோக்கன் எண் இருந்த கட்டத்தை விரலால் தட்டினார். "உங்களுக்கு ஏன் சார் நிறுத்தத் தோணல?"