நீலப் பட்டை

பெரம்பூரில் ஜெசிந்தா என்ற பெண்மணி, கைக்குள் அடங்கும் டிராம் வண்டிகளைச் சேகரித்துவந்தார். உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த சின்ன வண்டிகள். எந்த ஊர் டிராமுக்கு எந்தக் காலத்தில் என்ன வண்ணம் பூசினார்கள் என்று அவரிடம் கற்றுக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கைந்து பேர் வருவார்கள். பெரும்பாலும் அவரைவிட வயதில் மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

அவர்களில் ஒருவர் இளங்குமரன். சுங்க இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர். அடுத்தவர் பெட்டியில் ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவர்.

அவரிடம் கிளாஸ்கோ நகரத்து டிராம் ஒன்று இருந்தது. மேல்தளத்தைச் சுற்றி நீலப் பட்டை. அந்த ஊர்க்காரர்கள் பட்டையின் நிறத்தை வைத்தே எந்தத் தடத்து வண்டி என்று தூரத்திலேயே கண்டுகொள்வார்களாம். அதைக் கொடுத்தவர் ஹபீபுல்லா. அவரும் டீச்சரின் மாணவர். மகளைப் பார்க்க கிளாஸ்கோ போனபோது நண்பருக்கென்று வாங்கி, பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடும் என்று விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஒருமுறை, படம் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று ஹபீபுல்லா அதை வாங்கிப்போனார். வண்டி திரும்பி வந்த அன்று, நீலம் சற்றுக் கூடியிருப்பதாக இளங்குமரனுக்குப் பட்டது. மறுநாள் எடை குறைந்த மாதிரியும் இருந்தது. பரிசாகக் கொடுத்ததை நினைத்து மனம் வருந்தி, ஹபீபுல்லா அசலை வைத்துக்கொண்டு வேறொன்றுக்குப் பெயிண்ட் அடித்து மாற்றிவிட்டாரோ?

அதன்பிறகு ஹபீபுல்லா செய்ததெல்லாம் அதற்குப் பொருந்தியே வந்தது. சீக்கிரம் கிளம்பினால் தப்பித்துப் போகிறார். அதிகம் சிரித்தால் மறைக்கிறார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போன இளங்குமரன், அவர் டீ போட உள்ளே போன நேரத்தில் அலமாரியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒளிக்கத் தெரிந்தவர்தான் என்று நினைத்துக்கொண்டு அந்த டீயைக் குடித்தார். பிறகு கிளாஸ்கோவில் இருக்கும் மகளுக்கே போன் செய்து, நலம் விசாரிப்பதுபோல, அப்பா அன்றைக்கு வாங்கியது ஒரு வண்டியா இரண்டா என்று கேட்டார். மகள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

ஹபீபுல்லா வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தப்பு செய்யாதவர் ஏன் வராமல் இருக்க வேண்டும் என்று இளங்குமரன் மற்றவர்களிடம் கேட்டார். அவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கடைசியில் வண்டியை ஒரு டப்பாவில் வைத்து டீச்சரிடம் கொண்டுபோனார். இது போலி, உங்கள் கண்ணுக்குத் தப்பாது, நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்.

"வச்சிட்டுப் போங்க சார். அடுத்த ஞாயிறு பேசலாம்" என்றார் ஜெசிந்தா.

அடுத்த ஞாயிறு இளங்குமரன் எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டார். ஜெசிந்தா டப்பாவை நீட்டினார். வண்டியை ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்த இளங்குமரனின் முகம் மாறியது.

"டீச்சர், இது நான் கொடுத்துட்டுப் போனது இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?"

நீலம் இன்னும் கூடியிருக்கிறது என்றார். சக்கரத்துக்கு மேலே ஒரு கீறல் இருக்கிறது, அது முன்பு இல்லை என்றார்.

"நீங்க கொடுத்தது போலின்னு சொன்னீங்க."

"ஆமா. அந்தப் போலிகூட இது இல்லை."

ஜெசிந்தா, டப்பாவைத் தான் திறக்கவே இல்லை, வைத்த இடத்திலேயே இருந்தது என்றார்.

இளங்குமரன் டப்பாவைப் பார்த்தார். பிறகு டீச்சரின் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. பழைய வண்டிகளுக்கு வண்ணம் பூசுபவர் என்பதால் எப்போதும் ஒட்டியிருப்பதுதான். இன்றைக்கு அது நீலமாகத் தெரிந்தது.

அவர் பார்வை போன இடத்தை ஜெசிந்தாவும் பார்த்தார்.

"கேளுங்க சார்."

நீங்கள் மாற்றிவிட்டீர்களா என்று இளங்குமரன் கேட்கவில்லை. தன்மேலேயே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"உறுதியாத் தெரிஞ்சுக்க வழியே இல்லையா டீச்சர்?"

"இருக்கு."

உள்ளே போய் ஒரு பிளேடு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"பட்டையில ஒரு இடத்துல சுரண்டுங்க. யாராவது பின்னால பூசியிருந்தா அடியில வேற நிறம் வரும். கம்பெனியில பூசின நீலம்னா வெறும் உலோகம்தான் வரும்."

"கம்பெனி நீலமா இருந்துட்டா?"

"உங்களுக்கு உறுதியாயிடும். பட்டை போயிடும்."

"திரும்பப் பூசிக்கலாம் இல்லையா?"

"பூசலாம். அப்ப அது பின்னால பூசின நீலம்."

இளங்குமரன் பிளேடை எடுத்தார். வண்டியை இடது உள்ளங்கையில் வைத்து, நீலப் பட்டையின் ஓரத்தில் பிளேடின் முனையைப் பதித்தார். வேறு இடம் பார்த்து மறுபடி வைத்தார். வாசலில் மற்றவர்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர்கள் பேச்சில் ஹபீபுல்லாவின் குரல் இல்லை.

பிளேடை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சுரண்ட மனசு வரலை டீச்சர்."

ஜெசிந்தா பிளேடை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார்.

"ஹபீபுல்லாவைச் சுரண்டறதுக்கு வந்துச்சே சார்."