குழம்பில் இறங்கிய சத்து

"முட்டையில் சத்து இருக்கிறது என்பதெல்லாம் சுத்தப் பொய், அம்மா."

மலையடிவார மடத்துக்குள் நுழையும்போதே பொன்னுரங்கம் கத்தினான். குருவான மங்களாம்பிகை அவனைவிடப் பத்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"என் சம்சாரத்துக்கு வயித்துல கட்டி. ரத்தம் ஏறினாத்தான் ஆபரேஷன்னுட்டார் டாக்டர். மூணு மாசமா தினம் நாலு முட்டை வாங்கிப் போடறேன். ரத்தம் ஏறவே இல்லை."

"சாப்பிடறாளா?"

"வெள்ளைக்கருவுல புரதம். மஞ்சள்ல இரும்புச்சத்து. எல்லாம் விசாரிச்சுட்டேன்."

"அவ சாப்பிடறாளான்னு கேட்டேன்."

"நாட்டுக்கோழி முட்டைம்மா!"

மங்களாம்பிகை கீரையைப் போட்டுவிட்டு எழுந்தார். இவனிடம் பேசி ஆகாது.

"நட. உன் வீட்டிலதான் இன்னிக்குச் சாப்பாடு."

வீட்டில் நான்கு இலை விழுந்தது. குருவுக்கு, பொன்னுரங்கத்துக்கு, வளர்ந்த மகன்கள் இருவருக்கு. பொன்னுரங்கத்தின் மனைவி தனபாக்கியம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து பரிமாறினாள். முட்டைக் குழம்பு. இலைக்கு ஒரு முட்டை.

"உனக்கு?" என்றார் குரு.

"குழம்பு இருக்கும்மா."

"நான் வராத நாள்ல?"

"அந்த ஒண்ணு பெரியவனுக்கு. மூட்டை தூக்குற பிள்ளை."

"அப்போ உனக்கு?"

"கொதிக்கும்போது சத்தெல்லாம் குழம்புல எறங்கிரும்மா. இவங்கதான் சொன்னாங்க."

பொன்னுரங்கத்தின் கை பாதியில் நின்றது.

"நானா?"

"கல்யாணமான புதுசுல. வீட்டில அன்னிக்கு ஒரே முட்டை. அதை உங்களுக்கு வச்சப்போ சொன்னீங்களே."

அவனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"அது... சும்மா விளையாட்டுக்குச் சொன்னதும்மா," என்றான் குருவிடம்.

குரு தான் தொடாத முட்டையை ஒரு தட்டில் வைத்தார். தனபாக்கியத்தை உட்கார வைத்து அவள் முன்னால் தள்ளினார். குழம்புச் சட்டியைத் தூக்கி, மிச்சத்தையெல்லாம் பொன்னுரங்கத்தின் இலையில் கவிழ்த்தார்.

தனபாக்கியம் தட்டைத் தொடவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் குழம்பைப் பார்த்தபடி இருந்தான்.

குருவுக்குப் பொறுமை போய்விட்டது.

"விளையாட்டுக்குச் சொன்னதையே இருபத்தாறு வருஷம் கேட்டிருக்கா. வாயைத் திறந்து நிஜமா ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்!"