மூன்றாவது அழைப்பு

“பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?”

ஆவுடையப்பன் மடத்து வாசலில் நின்று மூன்றாவது முறையாகத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். மூன்று முறை கூப்பிட்டு, வந்தவர்களை உட்காரவைத்த பிறகுதான் மடத்துக்காரர்கள் இலையில் கைவைப்பார்கள். மத்தியான வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது.

“நான் இருக்கேன்.”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. முற்றத்து மரத்தில் கட்டப்பட்டிருந்த திருடன். விடிகாலையில் பூஜைவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். மறித்த ஆவுடையப்பனை அந்த விளக்காலேயே அடித்தவன். போலீஸ் வரும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று, அவனைப் பிடித்துக் கட்டிய ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆவுடையப்பன் நெற்றிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான்.

“யாரும் இல்ல சாமி. நாம உக்காரலாம்.”

“ஒரு குரல் கேட்டுச்சே,” என்றார் மடத்துத் தலைவர் அடிகள்.

“அது அவன்.”

“கூப்பிட்டா வர வேண்டியதுதானே?”

“கட்டிப்போட்டுட்டுக் கூப்பிட்டா எப்படி வர்றதாம்?” என்று மரத்தடியிலிருந்து பதில் வந்தது.

அடிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“என் மண்டையை உடைச்சவன் சாமி. அவனுக்கும் சோறா?”

“போலீஸ் வரட்டும். விளக்குக்கும் உன் மண்டைக்கும் அவன் அங்க பதில் சொல்லுவான். நீ முதல் நாள் இந்த வாசலுக்கு வந்தப்ப நான் என்ன கேட்டேன்?”

ஆவுடையப்பன் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் வேட்டியில் அண்ணனை வெட்டிய ரத்தத்தோடு வந்து நின்றவன் அவன். அண்ணன் பிழைத்துக்கொண்டது பிறகுதான் தெரியும். அந்தக் கறையைப் பற்றிய கேள்வி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒவ்வொரு பந்தியிலும் தலைகுனிந்தே சாப்பிட்டு வந்தான். இப்போது தலை நரைத்துவிட்டது.

“பசிக்குதான்னு கேட்டீங்க.”

“வேற?”

“வேற ஒண்ணும் கேக்கல.”

“இனிமேயும் கேக்கப் போறதில்ல. போ, கட்டை அவுக்க வேண்டாம். சாப்பிடற கையை மட்டும் அவுத்துவிடு.”

ஆவுடையப்பனின் தோள்கள் தாமாகத் தளர்ந்து இறங்கின. பிறகு ஓர் இலையை எடுத்துப்போய்த் திருடன் முன்னால் வீசினான். வலது கையின் முடிச்சை அவிழ்த்தான். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது.

சோற்றுவாளியை எடுக்கத் திரும்பியவன், இலையின் நுனி திருடனுக்கு வலப்பக்கமாகக் கிடப்பதைப் பார்த்தான். குனிந்து, அதை இடப்பக்கமாகத் திருப்பிப் போட்டான்.