காணாமல் போன நீலம்

"அவளுக்கு மட்டும் தனியாச் சொல்லித் தர்றீங்களா சார்?" என்று கேட்டார் திலகவதி.

கணினித் திரையில் மீரானின் முகம் கொஞ்சம் சாய்ந்து தெரிந்தது. கடையநல்லூரில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி, பல ஊர்களிலிருக்கும் முப்பத்தெட்டு ஆசிரியர்களுக்கு இணையவழியில் பயிற்சி நடத்துகிறவர் அவர். அன்றைய வகுப்பு முடிந்துவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். திலகவதி மட்டும் போகவில்லை.

"யாருக்கு டீச்சர்?"

"பவளக்கொடிக்கு."

"இல்லையே."

"அப்புறம் எப்படி அவளுக்கு வருது, எனக்கு வரல?"



"உங்க ஸ்கிரீனைக் காட்டுங்க" என்றார் மீரான்.

திலகவதி தேடித் தேடி அந்தப் பொத்தானை அமுக்கினார். அவருடைய திரை மீரானுக்கும் தெரிந்தது.

மூன்று பக்கங்கள் திறந்திருந்தன. ஒன்று, திலகவதி தயாரித்துக்கொண்டிருக்கும் பாடம். இன்னொன்று, பவளக்கொடியின் பாடம். மூன்றாவது, யார் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறார்கள் என்ற பட்டியல்.

"மூணு எதுக்கு? ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் மூடிடுங்க."

திலகவதி பட்டியலை மூடினார். கொஞ்சம் யோசித்தார். இன்னொன்றையும் மூடினார்.

திரையில் மிச்சமிருந்தது பவளக்கொடியின் பாடம்.

"சரி டீச்சர், நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மீரான் மறைந்துபோனார்.

*

திண்டிவனத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் திலகவதி இருபத்துமூன்று வருடமாக வேதியியல் ஆசிரியை. தேர்வு முடிவு வரும் நாளில் தலைமையாசிரியை முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பஸ்ஸில் ஏறினால் பழைய மாணவி யாராவது எழுந்து இடம் கொடுப்பாள்.

பவளக்கொடி அதே பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் மூன்று அரை நாள். ஆசிரியர் அறையில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது.

"பவளம், இந்த அணு அமைப்பை நாளைக்குள்ள சார்ட்டுல வரைஞ்சு குடு" என்பார் திலகவதி.

"சரி டீச்சர்."

ஒன்பது வருடத்தில் அப்படி நாற்பது சார்ட்டாவது வரைந்திருப்பார். ஒவ்வொன்றின் அடியிலும் 'தயாரிப்பு: திலகவதி, எம்.எஸ்ஸி., பி.எட்.' என்று இருக்கும். அதையும் பவளக்கொடிதான் அழகான எழுத்தில் எழுதுவார்.

அப்போதுதான் இந்தப் பயிற்சி வந்தது. கணினியில் பாடம் தயாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆறு வாரம், தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் தங்கள் பாடத்தைக் காட்ட வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவர்தான் அடுத்த குழுவுக்குப் பயிற்சியாளர்.

"நம்ம ஸ்கூல்ல இருந்து திலகவதி டீச்சர்தான் பயிற்சியாளரா வரப்போறாங்க" என்று தலைமையாசிரியை காலை வழிபாட்டிலேயே சொல்லிவிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பள்ளிக் கணினி அறையில் இரண்டு பேரும் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து படித்தார்கள்.

முதல் நாள் பவளக்கொடிக்கு மைக்கை ஆன் செய்யத் தெரியவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. திலகவதி சிரித்தார்.

மூன்றாவது வாரம் பவளக்கொடி வரைந்த படங்கள் அசைய ஆரம்பித்தன.

திலகவதி சிரிப்பதை நிறுத்தினார்.

*

ஓவியப் பாடம்தானே என்று விட்டிருப்பார். விட முடியாதபடி ஒன்று நடந்தது.

பவளக்கொடியின் பாடத்துக்குப் பெயர் 'நீலம் எங்கிருந்து வருகிறது?' அவருடைய ஊரில் அவுரி பயிரிடுகிறார்கள். அவுரியிலிருந்து எடுக்கும் சாயத் தொட்டியில் வெள்ளைத் துணியை முக்கி எடுத்தால் முதலில் அது மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிவிடும். அதைப் படம் பிடித்து, பக்கத்திலேயே துணிக்குள் என்ன நடக்கிறது என்று தானே வரைந்து அசையவிட்டிருந்தார்.

அது ஆக்ஸிஜனேற்றம். திலகவதி எடுத்துக்கொண்ட பாடமும் ஆக்ஸிஜனேற்றம்தான். நாற்பத்திரண்டு பக்கம், முழுக்க வரையறைகள்.

பவளக்கொடி ஒரு மாதம் முன்பே அவரிடம் வந்து கேட்டிருந்தார். "டீச்சர், காத்துப் பட்டா அது ஏன் நீலமாகுது?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு பவளம்? நீ படத்தை வரை."

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் இப்போது திரையில் ஓடியது. ஒரு தப்புகூட இல்லை. எங்கேயோ தேடிப் படித்திருக்கிறாள். திலகவதி அதை எட்டு முறை பார்த்தார். ஒன்பதாவது முறையும் தப்பு கிடைக்கவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மறுபடி மீரானிடம் நின்றார்.

"என் பாடத்துல என்ன குறை சார்?"

"நான் இன்னும் பார்க்கல டீச்சர். நீங்க பார்த்தீங்களா?"

"தயாரிச்சதே நான்தானே சார்!"

"ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தீங்களான்னு கேட்டேன்."

திலகவதிக்குக் கோபம் வந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் கணினியை அணைத்தார்.

*

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை. கணினி அறையில் யாரும் இல்லை.

எல்லோருடைய பாடமும் ஒரே பொதுக் கோப்புறையில் இருந்தது. ஒருவர் பாடத்தை இன்னொருவர் திறந்து திருத்திக் கொடுக்க வேண்டும் என்பதற்காக மீரான் அப்படி வைத்திருந்தார்.

பன்னிரண்டாவது முறையாகப் பார்க்கத்தான் திலகவதி உள்ளே போனார். சத்தியமாக அதற்குத்தான் போனார்.

'உறுதியாக நீக்கவா?' என்று திரை கேட்டது.

'ஆம்' என்ற இடத்தில் விரல் அமுங்கியது.

அப்புறம் கையைக் கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதம், மாவடு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

*

சனிக்கிழமை. திரையில் முப்பத்தெட்டு முகங்கள், சின்னச் சின்னக் கட்டங்களில்.

"பவளக்கொடி டீச்சர், ஆரம்பிங்க" என்றார் மீரான்.

பவளக்கொடி கோப்புறையைத் திறந்தார். மேலே போனார், கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"சார்... காணோம்."

"வேற எங்கயாவது வெச்சிருக்கீங்களா?"

"வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது சார். இங்கதான் செஞ்சேன். எல்லாமே இதுலதான் இருந்துச்சு."

"உங்க குப்பைக்கூடையில பாருங்க."

"காலியா இருக்கு சார்."

பவளக்கொடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என் தப்பாத்தான் இருக்கும் சார். புதுசுதானே எனக்கு. தெரியாம எதையோ அமுக்கியிருப்பேன். அடுத்தவங்களைக் கூப்பிடுங்க சார், என்னால நேரம் வீணாக வேண்டாம்."

திலகவதி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்த முடியவில்லை.

மீரான் தன் திரையில் எதையோ திறந்து படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எல்லாரும் கேமராவையும் மைக்கையும் அணைச்சிடுங்க. பத்து நிமிஷம். டீ குடிச்சிட்டு வாங்க."

அப்புறம் சொன்னார்: "அழிச்சது எங்கயும் போயிடாது. யார் அழிச்சாங்களோ அவங்க கூடையில பத்திரமா இருக்கும்."

ஒவ்வொரு கட்டமாகக் கறுத்தது. கடைசியாக மீரானுடைய கட்டமும்.

*

திலகவதி கூடையைத் தேடினார். இடது ஓரத்தில் இல்லை. மேலே இல்லை. ஒரு பட்டியைத் திறந்தால் இன்னொன்று வந்தது. அதற்குள் வேறு ஒன்று.

அழித்ததைத் திரும்ப எடுப்பது எப்படி என்று மீரான் நான்காவது வாரமே நடத்திவிட்டார். அன்றைக்கு வகுப்பின் தொடக்கத்தில் பவளக்கொடிக்கு ஒரு பாராட்டு. பொறுக்க முடியாமல் திலகவதி பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

நான்கு நிமிடம் போய்விட்டது. மீரானுக்கு போன் செய்தார். எடுக்கவில்லை.

அறையில் இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார். இரண்டு மேசை தள்ளி.

ஆறு நிமிடம்.

திலகவதி எழுந்து போனார்.

"டீச்சர்" என்றார்.

பவளக்கொடி பின்னால் திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"உங்களைத்தான் டீச்சர்."

"என்னையா?"

"அழிச்சதைத் திரும்ப எடுக்கிறது எப்படி? எனக்குத் தெரியல. சொல்லித் தாங்க."

பவளக்கொடி அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து வந்து திலகவதியின் கணினிக்குப் பக்கத்தில் நின்றார்.

"இந்த மூணு கோடு இருக்குல்ல, அதை அமுக்குங்க. ம். இப்பக் கீழ வாங்க. அதுதான்."

கூடை திறந்தது. உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. 'நீலம் எங்கிருந்து வருகிறது?' நீக்கியவர் பெயர், கிழமை, நேரம் எல்லாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

இரண்டு பேரும் அதைப் படித்தார்கள்.

"நீங்களே எடுத்துக்கோங்க டீச்சர்" என்று திலகவதி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"வேண்டாம்" என்றார் பவளக்கொடி. "நீங்க அமுக்குங்க. அப்பத்தான் கை பழகும்."

*

கட்டங்கள் மறுபடி வெளிச்சமாயின.

"கிடைச்சுதா?" என்றார் மீரான்.

"கிடைச்சுது சார்" என்றார் பவளக்கொடி.

"யார் எடுத்தது?"

பவளக்கொடி இரண்டு மேசை தள்ளித் திரும்பிப் பார்த்தார்.

"திலகவதி டீச்சர்தான் சார் எடுத்தாங்க."

கை தட்டும் படங்கள் திரையில் ஒவ்வொன்றாக மேலே எழும்பின. பத்து, இருபது, முப்பத்தாறு. 'சூப்பர் டீச்சர்!' என்று யாரோ எழுதினார்கள். ஆறு வாரத்தில் திலகவதிக்கு இவ்வளவு கைதட்டல் வந்ததே இல்லை.

அவர் மைக்கை ஆன் செய்தார்.

"அழிச்சதும் நான்தான்" என்றார்.

கைகள் நின்றன. ஒருவர் தன் கேமராவை அணைத்தார். இன்னொருவர் 'சே' என்று எழுதி, உடனே அதை நீக்கினார்.

மீரான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பவளக்கொடி டீச்சர், ஆரம்பிங்க."

வெள்ளைத் துணி தொட்டிக்குள் போனது. பச்சையாக வெளியே வந்தது. காற்றுப் பட்டது.

*

தேர்வானது அந்தப் பாடம்தான்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். திலகவதி ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்: 'பொறாமையால் செய்தேன்.' தலைமையாசிரியை அதை இரண்டு தடவை படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டார். ஆசிரியர் அறையில் சில பேர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் புதிய குழுவுக்குப் பயிற்சி தொடங்கியது. நாற்பத்தொரு பேர். பாடம் நடத்தியவர் பவளக்கொடி. மீரான் ஓரத்தில் ஒரு கட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

படிக்க வந்தவர்கள் பட்டியலில் திலகவதியின் பெயரும் இருந்தது. முதலிலிருந்து மறுபடி படிக்கிறேன் என்று அவரே எழுதிக் கேட்டிருந்தார்.

பவளக்கொடி நன்றாக நடத்தினார். ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. நடுவில் சின்னதாக ஒரு வேடிக்கை சொன்னார். நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் சிரித்தார்கள்.

திலகவதி மீரானுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வரி அனுப்பினார்.

'சார், எனக்கு இன்னும் வயிறு எரியுது.'

பதில் உடனே வந்தது.

'எரியட்டும். குறிப்பெடுங்க.'