வலது கைப் பக்கம் மலை

முட்டாள்களுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கக் கூடாது என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதினால் விமான நிலையங்களில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும் என்று அரசாங்கங்களுக்குத் தெரியும். ஆகவே கோவில்பட்டி சங்கரபாண்டியனும் அவர் மனைவி செண்பகவல்லியும் ஜப்பானைச் சுற்றிப் பார்க்கப் போனதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

சங்கரபாண்டியனுக்குத் தீப்பெட்டித் தொழில். இருபத்தெட்டு வருஷமாக அவர் தீப்பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் இருப்பது ஜப்பானின் ஃபுஜி மலை. எங்கேயோ இருக்கிற மலையை ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், "கழுகுமலைய ஏற்கெனவே ஒருத்தர் போட்டுட்டார்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சீட்டைப் பெட்டி பெட்டியாக ஒட்டி வருபவர் செண்பகவல்லிதான். மற்ற மனைவிமார் வைரத்தோடு கேட்பார்கள்; அவர் கேட்டது ஒரு மலை. அதுவும் வாங்கித் தரச் சொல்லவில்லை, காட்டினால் போதும் என்றார்.

"இத்தனை வருஷம் ஒட்டின மலைய ஒரு தடவ கண்ணால பாக்காமப் போய்ச் சேந்தேன்னு வைங்க, என் கட்ட வேகாது. சொல்லிட்டேன்."

தீப்பெட்டிக்காரர் வீட்டுக் கட்டை வேகாமல் கிடந்தால் தொழிலுக்கே இழுக்கு அல்லவா? சங்கரபாண்டியன் உடனே சம்மதித்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் செவ்வந்தி எல்லா ஏற்பாடும் செய்தாள். டோக்கியோவில் நான்கு நாள். வெள்ளிக்கிழமை புல்லட் ரயிலில் கியோட்டோ. அங்கிருந்து ஒசாகா போய், அங்கேயே விமானம் ஏறிவிட வேண்டியது. ஆக, மலை அவர்கள் வழியில் குறுக்கிடப் போவது வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை. தவறவிட்டால் அவ்வளவுதான். இதை எண்ணித்தான் செவ்வந்தி ஒரு தாள் நிறைய அறிவுரைகளை எழுதிக் கொடுத்தாள். அங்கேதான் தவறு செய்தாள். அவளுடைய பெற்றோர் சொன்னதை அப்படியே செய்வார்கள். சொன்னதை மட்டுமே செய்வார்கள்.

தாளில் முதல் அறிவுரை: "பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்."

டோக்கியோவில் முதல் நாள் காலை இருவரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். ரயில் வந்தது. கதவு திறந்தது. ஜனங்கள் ஏறினார்கள். கதவு மூடியது. ரயில் போனது. அடுத்ததும் வந்து போனது. அதற்கடுத்ததும்.

"வல்லி, இவங்கள்லாம் எப்படி ஏறுதாங்க?"

"கோட்டத் தாண்டித்தான்."

"படிப்பறிவு இல்லாத ஜனங்க."

"அப்ப நாம ஏறவே முடியாதா?"

"ஏறலாம்னு தாள்ல எங்க போட்டிருக்கு? நிக்கத்தான் போட்டிருக்கு."

இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தது அலுவலகம் போகும் கூட்டம். பின்னாலிருந்து வந்த நெரிசலில் இருவரும் ரயிலுக்குள் போய் விழுந்தார்கள். "நாம தாண்டலை, தாண்ட வச்சாங்க" என்று சங்கரபாண்டியன் தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு எந்த நிலையத்திலும் அவர்கள் மிகப் பெரிய கூட்டமாகப் பார்த்து, அதற்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது அறிவுரை: "ரயிலுக்குள் போனில் பேசக் கூடாது." ரயிலில் இருக்கும்போது செவ்வந்தி கூப்பிட்டாள். உடனே அடுத்த நிலையத்தில் இருவரும் இறங்கினார்கள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"உனக்குப் பதில் சொல்லதுக்காக இறங்கியிருக்கோம்."

"எதுக்கு இறங்குனீங்க? ஏறுங்கப்பா. ஏறிட்டுச் சொல்லுங்க."

ஏறினார்கள். ஏறிவிட்டதைச் சொல்வதற்காக இறங்கினார்கள். இருபது நிமிஷத்தில் போயிருக்க வேண்டிய கோயிலுக்கு இப்படியே பதினோரு நிலையங்களில் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது சந்நிதி சாத்திவிட்டார்கள். டோக்கியோவின் ரயில் நிலையங்களை அவர்கள் அளவுக்கு நுணுக்கமாகப் பார்த்த சுற்றுலாப் பயணிகள் குறைவு.

மூன்றாவது: "அங்கே எல்லாவற்றுக்கும் வரிசைதான். வரிசையைக் கண்டால் நின்றுவிடுங்கள்." வியாழக்கிழமை ஒரு வரிசையைக் கண்டு நின்றார்கள். முக்கால் மணி நேரம் நகர்ந்து உள்ளே போனால், புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடு. விற்பனைக்கு. கோட்டுப் போட்ட ஒருவர் மூன்று அறைகளையும் திறந்து காட்டினார். செண்பகவல்லி அடுப்படியில் நின்று கையை விரித்து அளந்து பார்த்துவிட்டு, "கிரைண்டர் வைக்க எடமில்ல" என்று வீட்டை நிராகரித்தார். அந்த மனிதர் அப்போதும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அதில் மனம் உருகிப்போய், ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாயில் மிச்சமிருந்த கடைசிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு வந்தார்கள்.

இதன் விபரீதம் அன்று சாயங்காலம் தெரிந்தது. தினசரி காலண்டர் இல்லாத அறையில் செண்பகவல்லி தங்க மாட்டார். எனவே கோவில்பட்டியிலிருந்து காலண்டரும் கூடவே வந்து, ஓட்டல் அறையில் கோட்டு மாட்டும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் தாளை எட்டிப் பார்த்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, நாளைக்கு வெள்ளிக்கிழம. சூலம் மேற்கே. நாம போறது எந்தத் திசை?"

சங்கரபாண்டியன் வரைபடத்தைப் பார்த்தார். "மேற்கே."

"சூலத்துக்கு எதிர்ல போனா மலை எப்படித் தெரியும்? மேகம் வந்து மூடிரும். பரிகாரம் வெல்லம்னு போட்டிருக்கு."

"கடலைமிட்டாயில வெல்லம் உண்டுல்லா?"

"அதைத்தான் வீடு விக்கிறவருக்குத் தூக்கிக் கொடுத்தாச்சே. அவரு சுகமா மேற்கே போவாரு."

தர்க்க சாஸ்திரத்துக்கு ஆபத்து வரும்போதெல்லாம் சங்கரபாண்டியனுக்கு ஒரு யோசனை தோன்றும்.

"வல்லி, பஸ் கண்ணாடியில ஒரு பல்லி ஒட்டிக்கிட்டுத் திருநெல்வேலி போகுது. பல்லியா போகுது?"

"பஸ் போகுது."

"அதேதான். மேற்கே போறது ரயிலு. சூலம் ரயிலுக்கு. நாம கெழக்கே பாத்து உக்காந்துட்டா நம்மள யாரு கேக்க முடியும்?"

செண்பகவல்லி கணவரைப் பெருமையோடு பார்த்தார். இருபத்தெட்டு வருஷ இல்லறத்தில் அப்படிப் பார்த்தது அது மூன்றாவது முறை.

வெள்ளிக்கிழமை காலை புல்லட் ரயில் புறப்படுவதற்கு முன் பெட்டியைச் சுத்தம் செய்ய வந்த பெண்கள், காலால் ஒரு கட்டையை மிதித்து இருக்கைகளைச் சுழற்றித் திருப்புவதைச் சங்கரபாண்டியன் ஜன்னல் வழியே கவனித்திருந்தார். ஏறியதும் அவரும் மிதித்தார். இருவர் இருக்கை அப்படியே அரைவட்டம் சுற்றிக் கிழக்கே பார்த்து நின்றது. பின்வரிசையில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். திடீரென்று அவர் முழங்காலோடு முழங்கால் இடிக்க இரண்டு இந்தியர்கள் எதிரே முளைத்ததும், பெட்டியை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார். நாகரிகமான தேசம்.

ரயில் புறப்பட்டது. சங்கரபாண்டியன் தாளை எடுத்துக் கடைசி அறிவுரையை வாய்விட்டுப் படித்தார். "டோக்கியோவிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வலது கைப் பக்கம் மலை தெரியும். அதற்காகத்தான் ஜன்னலோர சீட் போட்டிருக்கிறேன். வலது பக்கமே பார்த்துக்கொண்டிருங்கள்."

செண்பகவல்லி தம் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு தம் கைகளைப் பார்த்தார்.

"ஏங்க, வலது கை எது?"

"சோறு திங்கிற கை."

"அது அந்தாப்ல இருக்கு. ஜன்னல் இந்தாப்ல இருக்கு."

சங்கரபாண்டியனும் தம் கையைத் தூக்கிப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லை. மனைவியின் வலது கையும் அவருடைய வலது கையும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. நடைபாதைக்கு அந்தப் பக்கம், மூன்று பேர் இருக்கைகளைத் தாண்டி.

"செவ்வந்தி சீட்டத் தப்பாப் போட்டுட்டா" என்றார்.

"சின்னப் பிள்ளதான. ஏசாதீங்க."

கவனம் சிதறக் கூடாது என்பதற்காகத் தம் ஜன்னலின் திரையைச் செண்பகவல்லி அடிவரை இழுத்து மூடினார். பிறகு இருவரும் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் பார்வையைப் பதித்தார்கள். அதில் கடல் தெரிந்தது. வீட்டுக் கூரைகள் தெரிந்தன. மலை போல எதுவும் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. பெட்டியில் சலசலப்பு. எதிர்ப்பக்கத்திலிருந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்து ஜன்னல்களுக்கு வந்து மொய்த்தார்கள். முன்னால் ஒரு குழந்தை கைதட்டியது. தூங்குவதாகப் பாவனை செய்த கழுத்துப்பட்டைக்காரர்கூட ஒரு கண்ணைத் திறந்து, மூடிய திரையை ஏக்கத்தோடு பார்த்தார்.

"என்னத்தப் படம் பிடிக்காங்க?" என்றார் செண்பகவல்லி, வலது பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேற ஏதாவது மலையா இருக்கும். நம்ம மலை வலது பக்கம்."

கூட்டம் கலைந்தது. எல்லாரும் திருப்தியோடு போய் உட்கார்ந்தார்கள். செண்பகவல்லியின் கண்ணில் நீர் முட்டியது.

"வரலையேங்க. அவ்வளவுதானா? என் கட்ட வேகாதுங்க."

மனைவியின் கண்ணீரைக் கண்டதும் சங்கரபாண்டியன் எழுந்தார். அப்போது பார்த்து டிக்கெட் பரிசோதகர் அந்த வழியாக வந்தார். வெள்ளைக் கையுறை, தொப்பி, மடிப்புக் கலையாத சீருடை. சங்கரபாண்டியன் அவர் முன்னால் தாளை நீட்டி, தமக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் இறக்கினார்.

"சார். மவுண்டன். ரைட் சைடு. நாட் கமிங்."

பரிசோதகர் மூடிய ஜன்னலைப் பணிவாகக் காட்டினார்.

"நோ சார். தட் லெஃப்ட். ரைட் சைடு பிளீஸ். மை வொய்ஃப் க்ரையிங்."

பரிசோதகர் அந்த அம்மாளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார், ரயில் ஒரு நொடிகூடத் தாமதமில்லை. என்ன குறை என்று விளங்கவில்லை. ஆனால் ஒரு பயணி அழுகிறார். தொப்பியைக் கழற்றினார், இடுப்பு வரை குனிந்தார், மூன்று முறை மன்னிப்புக் கேட்டார், விறுவிறுவென்று அடுத்த பெட்டிக்குப் போனார்.

"மேலிடத்துக்குச் சொல்லப் போறாரு" என்றார் சங்கரபாண்டியன்.

இங்கே ஒரு புவியியல் குறிப்பு. ஷிசுவோகா என்ற ஊரைத் தாண்டியதும் தண்டவாளம் ஓரிடத்தில் வளைகிறது. அந்த வளைவில் மட்டும், சிறிது நேரம், மலை எதிர்ப்பக்க ஜன்னலில் தெரியும். ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தை ஒடித்துத் திரும்பினால்தான் பார்க்க முடியும். பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. பின்னோக்கி உட்கார்ந்துகொண்டு, வலது பக்கமே பார்த்துக்கொண்டு, அழுகிற ஒருவருக்கு அது தானாகவே வந்து கண்ணில் நிற்கும்.

நின்றது.

"ஏங்க!"

நீல மலை. உச்சியில் வெள்ளை. கூரைகளுக்கு மேலே, எட்டத்தில், சோற்றுக் கைப் பக்கம். செண்பகவல்லி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். சங்கரபாண்டியன் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"பாத்தியா? புகார் கொடுத்துக் கால் மணி நேரம் ஆகலை. தூக்கிட்டு வந்து வச்சுட்டாங்க. இதுதான் ஜப்பான்."

"கொஞ்சம் சின்னதா இருக்குங்க."

"அவசரத்துல இவ்வளவுதான் முடியும்."

பரிசோதகர் கவலையோடு திரும்பி வந்தார். செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்துட்டேன் தம்பி. மகராசனா இருக்கணும். இனிமே எடுத்துப் பழைய எடத்துலயே வச்சுருங்க." அவர் மறுபடியும் குனிந்தார். ரயில் வளைவைக் கடந்தது. மலை மறைந்தது.

"சொல்லி வாய மூடலை, எடுத்துட்டாங்க!"

நல்ல மனசுக்காரர்கள் ஆகையால், மலை பத்திரமாகப் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஜன்னல் திரையை இப்போது திறந்து வைத்தார்கள். தேயிலைத் தோட்டம் வந்தது. ஏரி வந்தது. தொழிற்சாலைகள் வந்தன. கியோட்டோவே வந்துவிட்டது. மலை வரவில்லை.

"வழியில எங்கயாவது கீழ போட்டுட்டாங்களோ?" என்றார் செண்பகவல்லி. "நம்மளால வந்த வினை."

எனவே கியோட்டோவில் இறங்கியதும் கோயில், தோட்டம் எதையும் பார்க்கப் போகாமல், தொலைந்த பொருள்களுக்கான அலுவலகத்தை விசாரித்துக்கொண்டு போனார்கள். அங்கே கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், பேசினால் மொழிபெயர்க்கும் சிறு கருவியை நடுவில் வைத்துவிட்டு, ஒரு படிவத்தை எடுத்தார்.

"தொலைந்த பொருள்?" என்று கருவி தமிழில் கேட்டது.

"மலை."

அதிகாரி கருவியைத் தூக்கி உதறிப் பார்த்தார். பழுதில்லை. எழுதிக்கொண்டார்.

"நிறம்?"

"நீலம். உச்சியில வெள்ளை."

"உரிமையாளர் நீங்களா?"

"ஐயய்யோ, நீங்கதான்" என்றார் சங்கரபாண்டியன். "நாங்க பாத்தவங்க மட்டும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பார்த்துத் தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் இருவர் பெயரையும் எழுதி, முத்திரை குத்தி, ரசீதை இரு கையாலும் நீட்டினார். கருவி விதியை வாசித்தது: "மூன்று மாதத்துக்குள் உரிமையாளர் வராவிட்டால், பொருள் கண்டெடுத்தவருக்கே சேரும்."

இருவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரசீது செண்பகவல்லி மடியில் இருந்தது.

"மூணு மாசம்னா தை பொறந்துரும்" என்றார் செண்பகவல்லி. "எங்கங்க வைக்கிறது?"

"பாரமான சாமான்லாம் கன்னி மூலையிலதான் வைக்கணும்."

"கன்னி மூலையில தண்ணித் தொட்டி இருக்கே."

சங்கரபாண்டியன் போனை எடுத்து, தொட்டியை இடிக்கச் சொல்லி ஊருக்குத் தகவல் சொன்னார்.